ஊருக்கெல்லாம் வெந்நீர்

கீசர்காரர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, பார்லர்காரி விஷயத்தைப் போட்டு உடைத்தாள். வருகிற சனி, ஞாயிறு இருவரும் வெளியூர் போகிறார்கள். காட்டுக்குள்ளே ஒரு ரிசார்ட். அங்கே பூமிக்கடியிலிருந்து வெந்நீர் தானாக ஊறி வருகிறதாம். மரங்களுக்கு நடுவே கல்தொட்டி கட்டி விட்டிருக்கிறார்களாம். கழுத்துவரை வெந்நீரில் அமிழ்ந்து உட்கார்ந்துகொண்டு தலைக்கு மேலே பறவை கத்துவதைக் கேட்கலாமாம். ரூம் போட்டாயிற்று. இரண்டு நாள் லீவு என்று பார்லரின் கண்ணாடிக் கதவில் எழுதி ஒட்டியும் ஆயிற்று. மறுபேச்சுக்கே இடமில்லை.

மறுபேச்சுக்கு இடமில்லை என்று அவள் மெனக்கெட்டுச் சொல்லியிருக்க வேண்டாம். அந்த வீட்டில் முதல் பேச்சுக்கே பஞ்சம். கீசர்காரர் வெண்ணெயை ரொட்டியின் நாலு மூலைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு கடி கடித்தார். மென்றார். விழுங்கினார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து தன் மனைவியிடம் அவர் கேட்ட கேள்விகளிலேயே ஆர்வம் மிகுந்த கேள்வியைக் கேட்டார்.

"என்ன டெம்பரேச்சர்?"

"எது?"

"ஊத்துத் தண்ணி."

பார்லர்காரிக்குத் தெரியவில்லை. "சுடும்" என்றாள். தேய்ந்துபோன வாஷரைப் பார்ப்பதுபோல அந்தப் பதிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் கைகழுவ எழுந்து போனார்.

அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? கல்யாணத்துக்கே வாய்விட்டுச் சரி என்று சொன்னவர் இல்லை அந்த மனிதர். பேசி முடிக்க வந்தவர்களிடம் தலையை மட்டும்தான் ஆட்டினார், அதுவும் கொசுவை விரட்டினாரா சம்மதித்தாரா என்று இன்றுவரை தெரியாது என்று அவருடைய தங்கையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். தங்கை வேறு யாருமில்லை, அதே வீட்டின் மாடியில் குடியிருக்கும் நாத்தனார்தான். கண்ணால் பார்த்ததைச் சொல்வாள், பார்க்காததை இன்னும் நன்றாகச் சொல்வாள். அண்ணனுக்கு வாய் வைத்த கடவுள் அதன் சாவியை மறந்து தனக்குக் கொடுத்துவிட்டதாக அவளே ஒப்புக்கொள்வாள்.

அந்த வீடு அமைந்திருக்கும் விதத்தைச் சொல்லிவிட்டால் மற்றது தானே விளங்கும். முன்பக்கம், தெருவைப் பார்த்து, பார்லர். ஒரே ஒரு சுழல் நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, தலைமுடிச் சாய நெடி போவதற்காக எப்போதும் திறந்தே கிடக்கும் ஒரு சன்னல். பின்பக்கம் சமையலறை, படுக்கையறை, குளியலறை. மாடிக்கு ஏறும் படிக்கட்டு வெளியே பார்லர் சன்னலை உரசிக்கொண்டு போகிறது. செல்போன் சிக்னல் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து மணியடிப்பதோடு சரி, பேசுவதற்குப் படிக்கட்டின் நடுவில்தான் உட்கார்ந்திருக்கும். அதனால் கீசர்காரரும் வேலை முடிந்து வந்தால் முக்கால்வாசி நேரம் படிக்கட்டின் நடுவில்தான் உட்கார்ந்திருப்பார்.

குளியலறைச் சுவரில் ஒரு கீசர் தொங்குகிறது. தொங்குவதைத் தவிர அது வேறு வேலை பார்த்துப் பல மாதமாகிறது. ஊரில் பாதி வீடுகளுக்கு வெந்நீர் வரவழைக்கிற மனிதரின் வீட்டில், பார்லர்காரி அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பாத்திரத்தின் இரண்டு காதையும் பழந்துணி சுற்றிப் பிடித்து, சமையலறையிலிருந்து குளியலறைவரை கயிற்றின் மேல் நடக்கிற சர்க்கஸ்காரி மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். தினமும் காலையில், பாத்திரத்தை இறக்கி வைத்த கையோடு, "எப்பப் பாப்பீங்க?" என்று கேட்பாள். "நாளைக்கு" என்பார். சில நாள் அவள் இரண்டு வசவு சேர்த்துக் கேட்பாள். அப்போதும் "நாளைக்குதான்" என்பார். அந்த வீட்டில் பேச்சுவார்த்தை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

இதையெல்லாம் அறிந்த தெரு, வெந்நீருக்கு வழியில்லாமல்தான் பாவம் அவள் காட்டுக்குப் போகிறாள் என்று முடிவுகட்டியது. "வீட்டு கீசர் கெட்டா யாராவது பூமியையா போய்ப் பிடிப்பாங்க?" என்று நாத்தனார் கேட்டதற்கு எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஆனால் விஷயம் அதுவல்ல.

புருவம் திருத்துகிறவளுக்கு ஒரு தொழில் சங்கடம் உண்டு. நூலின் ஒரு முனை அவள் பல்லுக்கிடையில் இருக்கும். எதிரே மல்லாந்து கிடப்பவள் என்ன சொன்னாலும் பதில் சொல்ல முடியாது. மாமியாரைப் பற்றி, மேலதிகாரியைப் பற்றி, இடுப்பு வலியைப் பற்றி, பக்கத்து வீட்டு நாயைப் பற்றி வருகிறவர்கள் கொட்டோ கொட்டென்று கொட்டுவார்கள். பார்லர்காரி நாள் முழுக்க வாய்க்குள் நூலும் நூலுக்குப் பின்னால் சொல்ல முடியாத பதிலுமாக நிற்பாள். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது வாயில் நூல் இருக்காது. ஆனால் எதிரே ஆள் இருக்காது. அதாவது ஆள் இருக்கும், "உப்பு?" என்றால் தட்டை நகர்த்தும்.

மகள் இருந்தவரை இது பெரிதாகத் தெரியவில்லை. அவள் மூன்று பேர் பேச்சை ஒருத்தியாகப் பேசுகிற ரகம். போன வருடம் அவள் கல்யாணமாகி வேறு ஊர் போனபோது, துணிமணியோடு வீட்டுச் சத்தத்தையும் பெட்டியில் வைத்து எடுத்துப் போய்விட்டாள். அதன் பிறகுதான், ஒருநாள் காலையில் பார்லர்காரி அடுப்பிலிருந்த பாத்திரத்தைப் பார்த்து, "சீக்கிரம் கொதியேன், நேரமாகுதில்ல?" என்று கேட்டுவிட்டு, அது பதில் சொல்லும் என்று ஒரு கணம் காத்தும் நின்றாள். பிறகு தன்னைத்தானே பார்த்துப் பயந்துபோனாள்.

அந்த வாரம்தான் பல் டாக்டர் வீட்டம்மா புருவம் திருத்த வந்தாள். காட்டு ரிசார்ட்டுக்குப் போய்வந்த மினுமினுப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "தொட்டில உக்காந்து பேசிக்கிட்டே இருந்தோம்க்கா. எங்க வீட்டுக்காரர் நாளெல்லாம் அடுத்தவங்க வாயையே பாக்கறவரு. அன்னிக்குத்தான் அவருக்கும் ஒரு வாய் இருக்குனு எனக்கே தெரிஞ்சுது."

பார்லர்காரியின் பல்லுக்கிடையில் நூல் அறுந்தது.

ஆக, அவளுக்கு வேண்டியிருந்தது வெந்நீர் அல்ல. இரண்டு நாள். கீசர் இல்லாத, சிக்னல் இல்லாத, எழுந்து போகப் படிக்கட்டு இல்லாத இரண்டு நாள். கழுத்தளவு தண்ணீரில் எதிரே உட்கார வைத்துவிட்டால் எந்தக் கல்லுளிமங்கனும் எவ்வளவு நேரம் பறவையையே பார்த்துக்கொண்டிருப்பான்? ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும்? அப்போதும் சொல்லாவிட்டால், இனி மிச்சமிருக்கிற காலம் முழுவதும் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் முன்பின் தெரியாத இரண்டு பேர் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று அவள் மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். புதுத் துண்டு வாங்கினாள். தண்ணீரில் நனைந்தாலும் மானத்தைக் காப்பாற்றும் கனத்தில், கழுத்திலிருந்து முழங்கால்வரை மூடுகிற ஒரு குளியல் உடுப்பு வாங்கினாள். என்ன பேசலாம் என்றுகூட யோசித்து வைத்தாள். மகளைப் பற்றிப் பேசக்கூடாது, அது சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இரண்டாம் நாள் நாத்தனார் படியிறங்கி வந்தாள். வரும்போதே முகத்தைத் துக்க வீட்டுக்குப் போகிறவள் மாதிரி வைத்திருந்தாள், ஆனால் கண்ணில் கல்யாணக்களை.

"அண்ணி, ஒரு விஷயம். சொன்னா உங்க மனசு கஷ்டப்படும். சொல்லலைனா எனக்கு வயிறு வெடிச்சுடும்."

"உன் வயித்தைக் காப்பாத்திக்கோ. சொல்லு."

"அண்ணன் படிக்கட்டுல உக்காந்து யார்கிட்டயோ பேசுது."

"கஸ்டமரா இருக்கும்."

"சிரிக்குது அண்ணி."

பார்லர்காரி கையிலிருந்த சாயக்கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "யாரு?"

"அண்ணன்தான்! நானே கைப்பிடிமேல கவுந்து எட்டிப் பாத்தேன். பல்லு தெரிஞ்சுது." நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "பொம்பளைக் குரலு. சின்ன வயசு. 'கவலையே படாதீங்கம்மா, சனிக்கிழமை நானே நேர்ல வர்றேன்ல'னு சொல்லுது. சனிக்கிழமை நீங்க ரெண்டு பேரும்தானே காட்டுக்குப் போறீங்க? அப்ப இது எந்தக் காடு?"

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். நாத்தனாருக்கு நெருப்பே தேவையில்லை, அவளே புகைவாள் என்று பார்லர்காரிக்குத் தெரியும். இருந்தாலும் அன்று சாயங்காலம் கடைசி வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, விளக்கைப் போடாமல், சன்னலோரச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். இத்தனை வருடத்தில் அவர் போனில் பேசுவதை அவள் நின்று கேட்டதே இல்லை. எப்போது போன் அடித்தாலும் அவர் படிக்கட்டுக்கு ஓடுவார், எப்போது அவர் படிக்கட்டுக்கு ஓடினாலும் இவள் வாயில் நூல் இருக்கும். ஊரில் கீசர் வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த ஒரு விஷயம், கட்டிய மனைவிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த மனிதருக்குப் பேச வரும். நன்றாகவே வரும்.

"இல்லம்மா, இல்லம்மா, நீங்க பதறாதீங்க. போனை பைப் பக்கத்துல கொண்டு போங்க... ஆங். கேக்குது. கொர்ருனு வருதா? வரட்டும். சத்தம் வருதுன்னா உயிரோட இருக்குனு அர்த்தம். சத்தம் நின்னு போச்சுன்னாதான் நாம கவலைப்படணும்." கொஞ்சம் நிறுத்தி, மறுமுனையைக் கேட்டு, சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். மழை நாளில் வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் முதலில் வருமே ஒரு குபுக், அந்த மாதிரி. "அதெல்லாம் உங்க தப்பு இல்லம்மா. உப்புத் தண்ணியோட குணம் அது. நீங்க சாப்டீங்களா? இன்னும் இல்லையா? மொதல்ல போய் சாப்பிடுங்க. பைப்பு எங்கயும் ஓடிடாது."

நீங்க சாப்டீங்களா. பார்லர்காரி இருட்டில் அந்த இரண்டு வார்த்தையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். சந்தேகமெல்லாம் எப்போதோ கரைந்துவிட்டது. கொர்ருனு சத்தம் போடுகிற காதலி யாருக்கும் இருக்க முடியாது. அவளுக்கு வந்தது வேறு ஒரு வயிற்றெரிச்சல். அந்தப் பெண்மேல்கூட இல்லை. அந்தக் குழாய்மேல்.

மறுநாள் பார்லர் லேண்ட்லைனிலிருந்து ரிசார்ட்டைக் கூப்பிட்டாள். சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்பதாகச் சாக்கு. பெயரைச் சொன்னதும் மறுமுனையில் வரவேற்பறைப் பெண் துள்ளிக் குதித்தாள்.

"சாரோட மேடமா! மேடம், சார் மட்டும் இல்லைனா இந்த வாரம் நாங்க செத்திருப்போம் மேடம்! சார்தான் மொதல்ல டெம்பரேச்சர் என்னன்னு கேட்டுக் கூப்பிட்டார். யாருமே அதைக் கேட்டதில்ல. போய்ப் பாத்து சொல்றேன்னு போனா ரூமுக்குப் போற பைப்பெல்லாம் உப்பு அடைச்சுக் கிடக்கு. ஊத்துல நல்லாத்தான் வருது, ரூமுக்குத்தான் வரல. அதுலேர்ந்து தினமும் சார்தான் சொல்லிக் குடுக்கறார். எவ்ளோ பொறுமை மேடம்! எவ்ளோ நல்லாப் பேசறார்! நீங்க குடுத்து வச்சவங்க."

"ம்" என்றாள் பார்லர்காரி. அது அவருடைய 'ம்' மாதிரியே இருந்ததில் அவளுக்கே திடுக்கென்றது.

"சனிக்கிழமை வந்ததும் சாரை நேரா பம்ப் ரூமுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி மேனேஜர் சொல்லியிருக்கார். ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடலாம்னு சார் சொன்னார். அதுவரைக்கும் உங்களுக்கு போரடிக்கக் கூடாதுனு சாரே சொல்லி, உங்களுக்கு ஃபேஷியல் புக் பண்ணிட்டோம் மேடம். ரெண்டு நாளும்."

நாள் முழுக்க ஊரார் முகத்தைப் பிசைகிறவளுக்கு ஃபேஷியல். பார்லர்காரி நன்றி சொன்னாள். கேன்சல் செய்வதென்றால் எப்போதுவரை செய்யலாம் என்று கேட்டும் வைத்தாள். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் சொல்லிவிட வேண்டுமாம். "ஆனா நீங்க பண்ணிடாதீங்க மேடம்" என்று அந்தப் பெண் பதறியது குழாயை நினைத்துத்தான்.

படுக்கையறையில் இரண்டு பைகள் பக்கம் பக்கமாக இருந்தன. அவளுடையது உப்பலாக, லேசாக, புதுத் துண்டின் வாசனையோடு. அவருடையதை நகர்த்தப் பார்த்தாள். அசையவில்லை. ஜிப்பைத் திறந்தாள். மேலே ஒரு சட்டை, ஒரு பல் பிரஷ். அதற்குக் கீழே ஸ்பேனர்கள், பைப்பைப் பிடிக்கும் பெரிய இடுக்கி, வாஷர் டப்பா, தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயில், உப்பைச் சுரண்டும் கம்பி. சட்டை ஒன்றுதான் அந்தப் பையிலேயே சம்பந்தமில்லாத சாமானாகத் தெரிந்தது.

அவர் வந்ததும் கேட்டாள். "இது என்னங்க?"

"பை."

"பைக்குள்ள?"

"சாமான்."

"சனிக்கிழமை நாம எதுக்கு அங்க போறோம்?"

அவர் இதை உண்மையிலேயே யோசித்தார். ஏதோ பரீட்சைக் கேள்வி, சரியான பதில் ஒன்று இருக்கிறது, தனக்குத்தான் பிடிபடவில்லை என்பதுபோல நெற்றியைச் சுருக்கினார். "குளிக்க" என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பதில் போதவில்லை என்று புரிந்து, "தண்ணி வரணும்ல" என்று சேர்த்தார். அதே நேரம் போன் அடித்தது. அவர் படிக்கட்டுக்கு ஓடினார். போகிற வேகத்தில் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய நிம்மதி தெரிந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மகளைக் கூப்பிட்டுப் புலம்பினாள். நாளை கேன்சல் செய்துவிடப் போகிறேன், ரெண்டு நாள் அங்கே யாரோ என் முகத்தில் க்ரீம் தடவ, இவர் குழாய்க்கு உப்புச் சுரண்ட, அதை இங்கேயே செய்யலாமே, அதற்கு ஏன் காடு?

மகள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அம்மா, அப்பா பேசணும்னா நீ பெண்டாட்டியா இருந்து பிரயோஜனமில்ல. கஸ்டமராப் பொறந்திருக்கணும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பார்லர்காரி சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்லரைச் சாத்திவிட்டு, வாடிக்கையாளர் உட்காரும் சுழல் நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். மடியில் லேண்ட்லைன். சன்னலுக்கு அந்தப் பக்கம் கீசர்காரர் படியில் வந்து உட்காரும் சத்தம் கேட்டது, முட்டி சொடக்கு விட்டது, பிறகு ஒரு பெருமூச்சு. அவர் போன் இன்னும் அடிக்கவில்லை. அடிப்பதற்காகக் காத்திருக்கிறார் போல.

அவள் ரிசார்ட் நம்பரைப் போடத்தான் விரலை வைத்தாள். விரல் வேறு நம்பரைப் போட்டது. அவருடைய சர்வீஸ் நம்பர். ஊரில் பாதிக் குளியலறைகளில் ஒட்டியிருக்கிற அந்த ஸ்டிக்கர், செத்துப்போன தன் கீசரின் வயிற்றிலும் ஒட்டியிருப்பதைத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போதெல்லாம் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடம். பார்லர் லேண்ட்லைன் நம்பரை அவர் தன் போனில் பதிந்து வைத்திருக்க வாய்ப்பேயில்லை. பார்லரைக் கூப்பிட்டு அவர் என்ன பேசப்போகிறார்?

சன்னலுக்கு வெளியே போன் அடித்தது.

"வணக்கம், சொல்லுங்க."

நான்தான், எழுந்து உள்ளே வாங்க என்று ஒரு போடு போடுவதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் அந்த 'சொல்லுங்க' அவ்வளவு நெருக்கமாகக் காதுக்குள் வந்தது. அவருக்கு உலகத்தில் வேறு வேலையே இல்லை, அவள் சொல்வதைக் கேட்கத்தான் இந்த நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தார் என்பதுபோல. அவள் குரல் தானாகக் கொஞ்சம் மாறிக்கொண்டது.

"வெந்நீர் வரல" என்றாள்.

"சரிங்க மேடம். பயப்பட ஒண்ணுமில்ல, பாத்துடலாம். எத்தனை நாளா வரல?"

"நாளா? மாசக்கணக்கா."

"அடடா." அந்த 'அடடா'வில் நிஜமான வருத்தம் இருந்தது. "அப்ப இவ்வளவு நாளும் எப்படி மேடம் சமாளிக்கறீங்க?"

இதை யாரும் கேட்டதில்லை. "அடுப்புல வச்சுத் தூக்கிட்டுப் போறேன்."

"கையைச் சுட்டுக்கப் போறீங்க! வீட்ல வேற யாரும் இல்லையா மேடம்?"

"வீட்டுக்காரர் இருக்கார்."

"அவர்கிட்ட சொல்லிப் பாத்தீங்களா?"

"தினமும் சொல்றேன். நாளைக்குப் பாக்கறேம்பார்."

போனில் சத்தம் நின்றது. சன்னலிலும் நின்றது. மாடியில் நாத்தனார் வீட்டு டிவி மட்டும் யாருக்காகவோ அழுதுகொண்டிருந்தது. படிக்கட்டில் ஒரு தொண்டை மெல்லச் செருமியது, அதே செருமல் ரிசீவருக்குள்ளும் வந்து சேர்ந்தது. தெரிந்துவிட்டது அவருக்கு. இனி வைத்துவிடுவார், எழுந்து வந்து "என்ன?" என்பார், அதோடு சரி என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் வைக்கவில்லை.

"அவரு..." என்றார். குரல் கொஞ்சம் தடுமாறி, மறுபடி சர்வீஸ் குரலைத் தேடிப் பிடித்து ஏறிக்கொண்டது. "அவரு என்ன வேலை பாக்கறார் மேடம்?"

"ஊருக்கெல்லாம் வெந்நீர் வர வைக்கறார்."

"அப்படி ஆளுங்க கொஞ்சம் பேர் இருக்காங்க மேடம். எனக்குத் தெரியும். ரிப்பேர்னா பேசிடுவாங்க. எங்க உப்பு படிஞ்சிருக்கு, எந்த ஸ்க்ரூவைத் திருகணும்னு ஒரு பிடி கிடைச்சுடும். வீட்ல எதைப் பிடிச்சு ஆரம்பிக்கறதுனு தெரியாது. ஆரம்பிச்சுட்டு நடுவுல நின்னுட்டா அசிங்கமாப் போயிடும்னு ஒரு இது."

"அதுக்காக வீட்டு கீசரையாவது பாக்கலாம்ல?"

"பாத்துட்டா அப்புறம் அவங்க என்ன கேப்பாங்க மேடம் அவர்கிட்ட?"

"எவங்க?"

"அந்த வீட்டம்மா. தினமும் காலைல 'எப்பப் பாப்பீங்க'னு கேக்கறாங்கல்ல? அவரும் பதில் சொல்றார்ல? பொண்ணு போனதுக்கப்புறம் அந்த வீட்ல இருக்கற பேச்சு அது ஒண்ணுதான். கீசர் சரியாயிட்டா அதுவும் போயிடும்."

பார்லர்காரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிரிப்பு ஒரு பக்கமும் கொலைவெறி ஒரு பக்கமுமாக ஒரே நேரத்தில் ஏறி, எது முதலில் வெளியே வருவது என்று தொண்டையில் முட்டிக்கொண்டன. "அதுக்காக நான் மாசக்கணக்கா பாத்திரம் தூக்கினேனா?"

"நீங்க இல்ல மேடம்" என்றார் அவசரமாக. "அவங்க."

"அவங்களுக்குக் கை வலிக்காதா?"

"வலிக்கும். தப்புதான். அந்த ஆளுக்கு அது தெரியும்."

மேலே டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. கைப்பிடிக்கு மேலிருந்து நாத்தனார் குரல் இறங்கி வந்தது. "அண்ணே, யாரு? அந்தப் பொண்ணா?"

"கஸ்டமர்."

"எந்தக் கஸ்டமரு?"

"பழைய கஸ்டமர். நீ உள்ள போ."

"இவ்வளவு நேரமாவா ஒரு கஸ்டமரு பேசுவாங்க?" என்று முணுமுணுத்தபடி கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சாத்தியதுபோலச் சத்தம் மட்டும் கேட்டது என்று சொல்வதே சரி. நாத்தனார் கைப்பிடியை விட்டு ஓரடியும் நகரவில்லை. அன்றிரவே தெருவுக்குத் தெரிந்துபோன செய்தியில் மட்டும் அந்தப் பழைய கஸ்டமர் யார் என்பது கடைசிவரை இல்லை. அவளால் தாங்கவே முடியாத ஓட்டை அது.

பார்லர்காரி ரிசீவரைக் கன்னத்தோடு இன்னும் அழுத்தினாள். "சார், நாளைக்கு நான் ஒரு ஊருக்குப் போறேன். ரெண்டு நாள். அங்க ரிப்பேர் எதுவும் இருக்கக் கூடாதுனு ஆசைப்பட்டேன்."

"அதுதான் மேடம் அவருக்குப் பயம்." இப்போது அந்தக் குரல் சர்வீஸ் குரலும் இல்லை, வீட்டுக் குரலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், குளிரும் சூடும் கலந்து வருகிற குழாய்த் தண்ணீர் மாதிரி, எந்தப் பக்கம் திருப்புவதென்று தெரியாமல் வந்தது. "எதிர் எதிரா உக்காந்தா என்ன பேசறது? அவர் வாயைத் திறந்தா பைப்பு, வாஷர், காயில். அந்தம்மா நாளெல்லாம் ஊர்க்கதை கேக்கறவங்க. பெரிய பெரிய கதை. கொஞ்ச நேரத்துல அவங்களுக்குச் சலிச்சுட்டா?"

"பைப்பைப் பத்தியே பேசட்டும். கொர்ருனு சத்தம் வந்தா என்னன்னு சொல்லட்டும். டிக் டிக்னு வந்தா என்னன்னு சொல்லட்டும். அந்தம்மாவுக்குத் தெரியாதுல்ல?"

"டிக் டிக்னு வராது மேடம்" என்றார் உடனே. "டக்குனு ஒரு தடவைதான் வரும். தெர்மோஸ்டாட் கட் ஆகற சத்தம் அது. நல்ல சத்தம். அப்ப தண்ணி தயார்னு அர்த்தம்." அவர் விவரிக்க ஆரம்பித்தார். எந்தெந்த வீட்டில் எந்தெந்தச் சத்தம் என்று சொன்னார். எந்தக் கோளாறும் இல்லாத கீசரை வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை கூப்பிடுகிற ரிட்டையரான போஸ்ட் மாஸ்டரைப் பற்றிச் சொன்னார். கையில் போன் இருப்பதே தெரியாமல் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வாயில் நூல் இல்லை, நடுநடுவே "அய்யய்யோ", "அப்புறம்?" என்றாள். அவரும் அப்புறம் அப்புறம் என்று சொல்லிக்கொண்டே போனார். சுவர்க் கடிகாரம் ஆறைத் தாண்டி எவ்வளவோ தூரம் போயிருந்தது. இனி கேன்சல் செய்தாலும் ரிசார்ட்காரன் காதில் போட்டுக்கொள்ளமாட்டான்.

கதை ஓரிடத்தில் ஓய்ந்தது.

"சார், ஒண்ணு கேக்கணும்" என்றாள். "நாளைக்கு அந்த டூல் பையை எடுத்துட்டு வருவீங்களா?"

அவள் திரும்பிப் பார்க்கப் பயந்து எதிரேயிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியில் அவள் தோளுக்குப் பின்னால் சன்னல் தெரிந்தது, சன்னலில் படிக்கட்டு, படிக்கட்டில் அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும். முகம் இருக்கவேண்டிய இடத்தைச் சன்னல் சட்டம் வெட்டியிருந்தது. யோசனையில் அவர் ஒரு காலைச் செருப்பிலிருந்து உருவி, மற்றொரு கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தார். செருப்பு நழுவி, தட் தட்டென்று படிகளில் உருண்டு, பார்லர் வாசல் பக்கம் போய்க் கவிழ்ந்து விழுந்தது.

"பாத்து சொல்றேன் மேடம்" என்றது போன்.

கண்ணாடியில் அந்த வெறுங்கால் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு கீழ்ப்படியை நோக்கி மெல்ல இறங்கியது. பெருவிரல் நுனி மட்டும் கல்லைத் தொட்டது, சிலிர்த்துப் பின்வாங்கியது, தொட்டியின் விளிம்பில் நின்று சூடு பார்க்கிறவரைப்போல மறுபடியும் இறங்கி, மறுபடியும் தொட்டது.